ஆஃப் செய்தும் போகாத லிசனர்

வியூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கின் 2-ஆம் பதிப்பில் எழுதிய பழைய புராஜெக்ட் ஒன்று கைக்கு வந்தது. கம்போனென்ட்டுகள், அதாவது பக்கத்தின் தனித்தனித் துண்டுகள், பேசிக்கொள்ள ஒரே ஒரு பொது ஈவன்ட் பஸ்: ஒன்று செய்தி அனுப்பினால், அதற்காக 'ஆன்' செய்து வைத்த ஃபங்ஷன் (லிசனர்) ஓடும்; 'ஆஃப்' செய்தால் அது நீங்கும். ஃபில்டரை மாற்றினால் தேடல் முடிவு புதிதாக வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கத்தை விட்டுப் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் சர்வருக்குப் போகும் ரிக்வெஸ்ட் ஒன்று கூடிக்கொண்டே போனது. நெட்வொர்க் டேபில் ஒரே ரிக்வெஸ்ட் வரிசைகட்டி நிற்கிறது.

கோடில் ஆஃப் இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆன் செய்த இடத்தில் ஓர் ஏரோ ஃபங்ஷன், பெயர் வைக்காமல் அங்கேயே எழுதியது. ஆஃப் செய்த இடத்தில் அதையே அப்படியே மறுபடி எழுதியிருந்தார்கள். பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்டுக்கோ அவை இரண்டு வெவ்வேறு ஃபங்ஷன்கள். பஸ் தன் பட்டியலில் தேடுகிறது, பொருந்தவில்லை, பேசாமல் விட்டுவிடுகிறது. ஓர் எச்சரிக்கையாவது காட்டித் தொலைக்கலாம்! திரையிலிருந்து போன கம்போனென்ட்டும் பஸ் பிடித்து வைத்திருப்பதால் மெமரியை விட்டுப் போகாது.

2020-இல் வந்த வியூ 3-இல் இந்த ஆன், ஆஃப், ஒருமுறை மட்டும் கேட்கும் ஒன்ஸ் மூன்றையுமே எடுத்துவிட்டார்கள். மிட் (mitt) என்ற ஈவன்ட் பஸ் லைப்ரரிக்கு மாறினோம். அதன் மேல் சின்னதாக ஒரு ஃபங்ஷன்: சப்ஸ்கிரைப் செய்தால் (லிசனரைச் சேர்த்தால்), அதை ரத்து செய்யும் ஃபங்ஷனையே திருப்பித் தரும். அப்புறம் இந்தத் தொல்லை வரவில்லை.

*

மேலே சொன்னதில் ஆஃப் எதையும் நீக்கவில்லை; எங்களுக்கு இதற்கு நேர்மாறாக, தேவைக்கு மேல் நீக்கிவிட்டது. மிட்டில் ஆஃப்-க்கு ஈவன்ட் பெயரை மட்டும் கொடுத்தால் அந்தப் பெயரில் உள்ள அத்தனை லிசனரும் காலி. டீமில் ஒருவர் ஒரு பாப்-அப்பை மூடும்போது அப்படித்தான் கூப்பிட்டிருந்தார். பாப்-அப்பை ஒருமுறை திறந்து மூடினால் போதும், ஹெடரில் இருந்த நோட்டிஃபிகேஷன் எண்ணிக்கை நின்றுவிடும். பழுது ஹெடரில் என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் யார் யாரைத் தொடுகிறார்கள் என்று கோடைப் படித்துக் கண்டுபிடிப்பது நரக வேலை.

*

லாகின் ஆனதும் பயனர் விவரத்தைப் பஸ்ஸில் பப்ளிஷ் செய்தோம். ஹெடர் லேசி லோடிங்கில் (எல்லாவற்றையும் முதலிலேயே ஏற்றாமல் பிறகு ஏற்றும் முறை) தாமதமாக வந்து சப்ஸ்கிரைப் செய்தது. அதற்குள் செய்தி போயே போய்விட்டது. பெயர் வர வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. வேகமான நெட்டில் சரியாக வரும், அதனால் எங்கள் கணினியில் பிடிபடவே இல்லை. ஆர்எக்ஸ்ஜேஎஸ் (RxJS) லைப்ரரியின் பிஹேவியர்சப்ஜெக்ட் கடைசி மதிப்பை வைத்திருந்து, பிந்தி வருபவருக்கும் உடனே கொடுக்கும். அதைப் போட்டுச் சரிசெய்தோம். என்னைக் கேட்டால், "யார் லாகின் ஆகியிருக்கிறார்" என்பதை ஸ்டோரில், அதாவது எல்லாக் கம்போனென்ட்டும் எப்போதும் படிக்கக்கூடிய பொது இடத்தில், வைப்பதுதான் முறை. "சேமித்தாயிற்று" மாதிரி வந்து போகும் தகவலுக்குப் பஸ் போதும்.