திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: ஒர்க்கிங் கேப்பிட்டல்

அன்பர்களே, வணக்கம்.
திங்கட்கிழமை பேர்ணாம்பட்டில், சிறு தோல் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு வங்கிக் கடன் பற்றி வகுப்பு எடுக்கிறேன். கையேட்டில் 'நடைமுறை மூலதனம்' என்று போட்டிருந்தேன். போன தடவை ஒருவர், "நடைமுறைன்னா பேங்குல ஃபாரம் கொடுக்கிற முறையா சார்?" என்று கேட்டுவிட்டார். மெஷினுக்குப் போட்ட பணம் வேறு. பச்சைத்தோல் வாங்கி, பதனிட்டு, விற்று, காசு கைக்கு வரும்வரை சரக்கிலும் பாக்கியிலும் மாட்டிக்கொண்டிருக்கும் பணம் வேறு. இந்த இரண்டாவதற்குத்தான் சொல் வேண்டும்.
— குடியாத்தம்

'முதல்' இருக்க மூலதனம் எதற்கு? "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடையார்" (குறள் 463). முதலாளி என்கிறோம், மூலதனாளி என்கிறோமா? மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடத்திலும் முதல், எடுப்பு (முதலாளி சொந்தச் செலவுக்கு எடுப்பது) என்றுதான் வருகிறது. 'சுழல் முதல்' என்று போடுங்கள்.
— ஆரணி

ஆரணி ஐயா, 'முதல் இழப்பு' என்று தலைப்பு வைத்தால் போட்ட பணம் போனதா, முதன்முதலாக நட்டப்பட்டதா? 'மனித முதல்' என்று எழுதினால் அச்சகத்தில் முதலையாக்கிவிடுவார்கள். மேலும் மகளிர் குழுக்களில், உறுப்பினர்களுக்குள் மாறிமாறிக் கடன் கொடுக்கும் 'சுழல்நிதி' ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைப்பார்கள்.
— காட்பாடி

குழப்பம் சொல்லில் இல்லை, படிப்பவரிடம். போகட்டும். கேப்பிட்டலின் வேர் லத்தீனில் 'தலை'. ஆங்கிலத்தில் மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்' என்பதற்கும் அதே வேர்தான். நம்மிடமும் மாடு என்றால் செல்வம்: "மாடல்ல மற்றை யவை" (குறள் 400). செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போனால் முதல் நாலு காலில் நிற்பதைப் பார்க்கலாம்.
— ஆரணி

ஐயா, இவர்களிடம் மாடு தோலாகத்தான் வருகிறது. எங்கள் அப்பா 'புழங்குற பணம்' என்பார். 'புழங்கு முதல்' ஆகாதா? வினைத்தொகை, ஒற்றுத் தொல்லையும் இல்லை.
— ஆம்பூர்

அருமை!
— குடியாத்தம்

அவசரப்படாதீர்கள். பொருளியலில் 'பணப்புழக்கம்' வேறு பொருளில், நாட்டில் சுற்றும் பணம் என்று, இருக்கிறது. அதைவிடக் கணக்கு உதைக்கும். சரக்கு 4 லட்சம், வரவேண்டிய பாக்கி 3 லட்சம், கையிருப்பு 50,000. ஆக, புழங்குவது ஏழரை லட்சம். ஆனால் தோல் மண்டிக்குக் கொடுக்கவேண்டியது 5 லட்சம் என்றால், அதைக் கழித்து மிஞ்சும் இரண்டரை லட்சம்தான் நிகரம். உங்கள் சொல் இதில் எதைக் குறிக்கும்?
— காட்பாடி

ஏழரை மொத்தப் புழங்கு முதல், இரண்டரை நிகரப் புழங்கு முதல். அச்சகக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். 'புழங்கு முதல்' என்றே கொடுத்துவிட்டேன். அடைப்புக்குறிக்குள் 'ஒர்க்கிங் கேப்பிட்டல்' என்றும் இருக்கும், வங்கியில் அதைச் சொன்னால்தான் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆரணி ஐயா பொறுத்தருள்க.
— குடியாத்தம்

பொறுக்கமாட்டேன். மெஷினுக்குப் போட்ட பணம் நிலை முதல், அதற்கு எதிர்ச்சொல் சுழல் முதல்தான். அப்புறம், 'நிகரப்' என்று ஒற்றுப் போட்டது எந்த விதிப்படி?
— ஆரணி