அடுத்தவர் கட்டிய மாடலில் 0.00000912 என்று ஒரு எண், விளக்கம் எங்கேயும் இல்லை

கண்மாய்க்கரை:
வணக்கம். வைகைப் படுகையில் கண்மாய்களுக்கு நீர் வரும் பரப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்க்ஜிஐஎஸ் மாடல்பில்டர் (வரைபடக் கருவிகளைப் பெட்டிகளாக வைத்து அம்புக்குறியால் கோர்க்கும் வசதி) மாடல் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. கட்டியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஓட்டினால் ஓடுகிறது, ஆனால் பாதிப் பெட்டிகளின் பெயர் 'அவுட்புட் ராஸ்டர் (2)', 'அவுட்புட் ராஸ்டர் (7)' என்றே இருக்கிறது. நிலச் சரிவைக் கணக்கிடும் ஸ்லோப் கருவியில் இசட் ஃபேக்டர் 0.00000912, ஓடை பிரிக்கும் இடத்தில் 500. அடுத்த மாதம் இதை இரண்டு பேரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் என்ன செய்கிறது என்று வேர்டில் எழுதப் போய் 12 பக்கம் ஆகிவிட்டது, படித்தால் எனக்கே உதவவில்லை. எப்படித்தான் எழுதுவது?

ஊருணி:
வேர்டை நிறுத்துங்க. ஃபில் (பள்ளம் நிரப்புவது), அப்புறம் ஃப்ளோ டைரக்ஷன் (நீர் ஓடும் திசை), அப்புறம் ஃப்ளோ அக்யுமுலேஷன் (நீர் சேரும் அளவு) என்ற வரிசையை அம்புக்குறிகளே காட்டிவிடும். ஏன் என்பதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் டெம் (நில உயரத் தரவு) எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓடத்தின் ரேடார் அளந்தது) என்றால் உயரம் மீட்டரில், கிடைமட்டம் டிகிரியில் இருக்கும். உயரத்தைக் கிடைமட்ட அலகுக்கு மாற்றும் பெருக்கிதான் இசட் ஃபேக்டர். 10 டிகிரி அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு மீட்டர் என்பது 0.00000912 டிகிரி, மதுரை அந்த அட்சரேகையை ஒட்டித்தான் இருக்கிறது. இதை 1 என்று விட்டால் வயல்வெளிகூட செங்குத்துப் பாறையாக வரும். 500 என்பது செல், அதாவது தரவின் சிறு கட்டங்களின் எண்ணிக்கை. 30 மீட்டர் செல் என்றால் 900 சதுர மீட்டர், ஆக 500 செல் சுமார் 45 ஹெக்டேர். '45 ஹெக்டேர் பரப்பின் நீர் சேர்ந்தால்தான் ஓடை' என்று எழுதிவிட்டால் களத்துக்குப் போகிறவருக்கும் புரியும்.

நிழற்குடை:
மாடலுக்குள்ளேயே எழுதுங்கள், தனிக் கோப்பு எப்படியும் தொலைந்துபோகும். லேபிள் போடலாம், சேர்ந்த பெட்டிகளை குரூப் ஆக்கலாம். பேராமீட்டரின் (ஓட்டும்போது மாற்றக்கூடிய மதிப்பு) பெயர்தான் ஓட்டுகிறவருக்குத் தெரியும் என்பதால் அதை முதலில் மாற்றுங்கள். நான் க்யூஜிஐஎஸ் (இன்னொரு வரைபட மென்பொருள்) ஆள், அங்கே 3.14 பதிப்பிலிருந்து ஒவ்வொரு படிக்கும் கமெண்ட் எழுதலாம்.

ஒரு சந்தேகம். முதலிலேயே டெம்மை யுடிஎம்முக்கு (கிடைமட்டத்தையும் மீட்டரில் தரும் வரைபட முறை) மாற்றியிருந்தால் அந்த எண்ணே தேவைப்பட்டிருக்காதே? மாற்றிவிடுங்கள்.

ஊருணி:
அவசரப்படாதீங்க. யுடிஎம் உலகைத் தனித்தனி மண்டலங்களாகப் பிரித்து அளக்கும். அதில் 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் கோடு 78 டிகிரி கிழக்கு, மதுரைக்குச் சற்று மேற்கே போகிறது. வைகை உற்பத்தியாகும் வருசநாட்டு மலை 43-இல், மதுரை 44-இல். படுகை இரண்டிலும் கிடப்பதால்தான் அவர் டிகிரியிலேயே விட்டிருக்கலாம். கட்டியவரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம்.

கண்மாய்க்கரை:
போன் போட்டுக் கேட்டேன், அதே காரணம்தான். அண்ணனுக்கு நினைவு இருந்தது, இன்னும் இரண்டு வருஷம் போயிருந்தால் இருந்திருக்குமா தெரியாது. ஸ்லோப் பக்கத்தில் இப்படி லேபிள் போட்டிருக்கிறேன்: 'டெம் டிகிரியில் உள்ளது, படுகை யுடிஎம் 43, 44 இரண்டிலும் வருவதால் மாற்றவில்லை. இசட் ஃபேக்டர் 10 டிகிரி அட்சரேகைக்கானது, வேறு ஊருக்கு ஓட்டினால் மாற்றவும்.' 500 என்ற எண்ணைப் பேராமீட்டர் ஆக்கி, 'ஓடை தொடங்கும் செல் எண்ணிக்கை (500 = சுமார் 45 ஹெக்டேர்)' என்று பெயர் வைத்தேன். ஆனால் 45 ஹெக்டேர் எப்படி முடிவானது என்று கேட்க மறந்துவிட்டேன், நாளை மறுபடி கூப்பிடுகிறேன்.