முட்டம் பாறையிலிருந்து வெறுங்கண்ணால் பார்த்தது வெஸ்டாவா?

முட்டத்துக்காரர்:
2025 மே 2 அன்று வெஸ்டா சிறுகோள் எதிர்நிலைக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கு நேரெதிர்ப் பக்கத்துக்கு, வந்திருந்தது. வளர்பிறை நிலவு மறைந்தபின் முட்டம் பாறையில் மல்லாந்து படுத்து, துலாம் தொகுதியில் அதைக் கருவி எதுவுமின்றிக் கண்டேன். அது தன்னைத்தானே சுற்றுவதால் ஒளி கூடிக் குறைந்ததையும் கவனித்தேன்.

நாகர்கோவில் ஐயப்பாட்டாளர்:
நம்ப முடியவில்லை, அண்ணாச்சி. சிறுகோள் பட்டையில் ஆகப் பெரியது 940 கிலோமீட்டர் விட்டமுள்ள சீரிஸ். அதுவே வெறுங்கண்ணுக்குச் சிக்காதபோது, சராசரி விட்டம் 525 கிலோமீட்டர்தான் உள்ள, நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகும் தொலைவுகூட இல்லாத வெஸ்டா எப்படித் தெரியும்?

முட்டத்துக்காரர்:
பருமனை மட்டும் கணக்கில் எடுத்ததால் வந்த பிழை இது. மணவாளக்குறிச்சிக் கருமணலை ஒரு கையிலும் வெண்மணலை மறு கையிலும் அள்ளி, ஒரே டார்ச்சு வெளிச்சத்தில் பாருங்கள். சீரிஸ் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே திருப்பி அனுப்புகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறையைப் போர்த்திய வெஸ்டா 42 விழுக்காடு வரை அனுப்புகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தொலைவை ஒரு வானியல் அலகு என்பார்கள். சூரியனிலிருந்து சீரிசின் சராசரித் தொலைவு 2.77 வானியல் அலகு, வெஸ்டாவுடையது 2.36. அதன் பாதை நீள்வட்டமாதலால் 2.15 வரை நெருங்கும். அந்த மே மாதத்தில் அது அண்மைப் புள்ளியை நோக்கித்தான் சென்றுகொண்டிருந்தது. ஒளி போகும்போதும் திரும்பும்போதும் தொலைவின் இருமடிக்கேற்பக் குறையும் என்பதால், இந்தச் சிறு வேறுபாடே பெரிதாகிவிடுகிறது.

நாகர்கோவில் ஐயப்பாட்டாளர்:
சீரிஸ் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒளி கூடிக் குறைந்தது என்பதை ஏற்க முடியாது. வெஸ்டா 5.34 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழல்கிறது என்பது சரியே. அதன் அளவுகள் 572, 557, 446 கிலோமீட்டர். தென்முனையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் அகலமுள்ள ரியாசில்வியா பள்ளத்தைத் தோண்டிய மோதல் அதைச் சப்பையாக்கிவிட்டது. சுழலும்போது நமக்கு மாறி மாறித் தெரியும் நடுப்பகுதி ஏறத்தாழ வட்டமாகவே இருப்பதால், ஒளிமாற்றம் கண்ணுக்குப் பிடிபடாத அளவே. நீங்கள் கண்டது உப்புக் காற்றின் நடுக்கமாகவோ, கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் கடந்துபோனபின் கண் இருளுக்குப் பழகியதாகவோதான் இருக்கும். மேலும் அன்று வெஸ்டாவின் பொலிவெண், அதாவது கூடக்கூட மங்கலைக் குறிக்கும் ஒளி அளவெண், 5.7 அளவில் இருந்தது. கண்ணின் எல்லை 6. விளிம்பில் நிற்கும் ஒரு புள்ளியை விண்மீன் அல்ல என்று எதைக் கொண்டு முடிவு செய்தீர்கள்?

முட்டத்துக்காரர்:
சுழற்சியைப் பற்றிச் சொன்னது என் அவசரம்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபோது விரலில் உப்பு ஒட்டியது இப்போது நினைவுக்கு வருகிறது. ஆனால் இடமாற்றம் அப்படியல்ல. எதிர்நிலையில் பூமி அதை முந்திச் செல்வதால் வெஸ்டா மேற்கு நோக்கிப் பின்னகர்வதுபோல், நாளொன்றுக்கு நிலவின் விட்டத்தில் ஏறத்தாழ பாதி தூரம், நகரும். மளிகைக்கடைச் சீட்டின் பின்புறத்தில் 2ஆம் தேதி இரவு குறித்த புள்ளி, 5ஆம் தேதி நிலவு மறைந்தபின் பார்க்கையில் நிலவகலம் ஒன்றரை அளவுக்கு மேற்கே விலகியிருந்தது. விண்மீன் இப்படி விலகாது.

நாகர்கோவில் ஐயப்பாட்டாளர்:
குறிக்கும் முன் கைபேசிச் செயலியில் அதன் இடத்தைப் பார்த்தீர்களா?

முட்டத்துக்காரர்:
பார்த்தேன், இரண்டு இரவும் பார்த்தேன்.

நாகர்கோவில் ஐயப்பாட்டாளர்:
அப்படியானால் சீட்டிலுள்ளது கண் கண்டதா, செயலி காட்டியதா என்று பிரிக்க வழியில்லை. சராசரியாகப் பதினாறரை மாதத்துக்கு ஒருமுறை எதிர்நிலை வருகிறது. அடுத்ததற்கு நானும் முட்டம் வருகிறேன். கைபேசிகளை வண்டியிலேயே விட்டுவிட்டு, இருவரும் தனித்தனித் தாளில் இரண்டு இரவு குறித்தபின் ஒப்பிட்டுக்கொள்வோம்.