கோயில் உற்சவரை தமிழ்நாட்டுக்கு அனுப்பலாமா? உங்க கருத்து வேணும்

பெகுவாசி:
எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல பெகு பக்கம் எங்க ஊரு முருகன் கோயில் செட்டியார் காலத்துது, உற்சவரும் வள்ளி தெய்வானையும் தஞ்சாவூர் பக்கம் வார்த்து கப்பல்ல வந்ததுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. 2025 மார்ச் நிலநடுக்கத்துல சுவரு வெடிச்சதுல இருந்து மழைக்கு கர்ப்பகிரகம் ஒழுகுது, வள்ளியோட விரல் இடுக்குல வெளிர்பச்சையா ஏதோ பூத்து பொடிப்பொடியா உதிருது. இளவட்டம் முக்கால்வாசி தாய்லாந்து மலேசியான்னு போயாச்சு. தமிழ்நாட்டுல இருந்து ஒருத்தர், எங்க மண்ணுல வார்த்ததுதானே, கொண்டு போயி நல்லா பாதுகாக்குறோம்ங்கிறார். கமிட்டில பாதிப் பேரு சரிங்கிறாங்க, எனக்கு மனசு ஒப்பல. ஆனா சிலை கெட்டுப் போனா யாரு பதில் சொல்றது?

மாந்தளே தம்பி:
அண்ணே கோவிச்சுக்காதீங்க, நான் அனுப்பலாம்னுதான் சொல்லுவேன். ரங்கூன் மியூசியத்துல இருக்கிற பர்மா ராஜாவோட சிங்க சிம்மாசனம் எப்படி மிஞ்சுச்சு, வெள்ளைக்காரன் அத கல்கத்தாவுல வச்சிருந்ததாலதான், மாந்தளே அரண்மனையில இருந்த மத்த சிம்மாசனமெல்லாம் 1945 சண்டையில எரிஞ்சு போச்சு. 1948ல அது திரும்பி வந்துச்சு. சாமி முழுசா இருந்தாத்தானே நாளைக்கு நம்ம பிள்ளைங்க கும்பிட முடியும்?

ரங்கூன் அக்கா:
தம்பி, சிம்மாசனம் பிழைச்சது உண்மைதான், ஆனா காப்பாத்தணும்னா தூக்குனாங்க? 1885ல நாட்டப் பிடிச்சப்ப அரண்மனையில இருந்து போன ராஜ பொருள்ல ஒரு பகுதி லண்டன் மியூசியத்துல இருந்து 1964லதான் வந்துச்சு. பாகான்ல வெட்ஜி-இன் குப்யாவ்ஜி கோயிலுக்குப் போயி பாருங்க, 1899ல ஒரு ஜெர்மன்காரர் சுவத்து ஓவியத்த துண்டு துண்டா அறுத்து எடுத்துட்டுப் போயிட்டார், வரிசையா புத்தர் கதை வர்ற சுவத்துல அங்கங்க வெறும் காரை பல்ல இளிக்குது, அதப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. அறுத்தது ஹாம்பர்க் மியூசியத்துல இருக்கு.

அப்புறம் எங்க மண்ணுல வார்த்ததுன்னா அவங்க சாமி ஆயிருமா? இத்தன காலமா பங்குனி உத்திரத்துக்கு யாரு தோள்ல ஏறி தெரு சுத்துச்சோ அவங்க சாமிதான் அது. 1964ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப நம்ம சனம் கட்டுன துணியோட கப்பல் ஏறுச்சு, அப்பவும் இங்க இருக்கிறவங்களுக்கு வேணும்னு சாமிய விட்டுட்டுத்தான் போனாங்க.

மோல்மீன்காரர்:
ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 1964ல பொருள் திரும்புனப்ப, தங்கத்துல செஞ்ச அன்னப்பறவை வெத்தலைப் பெட்டி ஒண்ண பர்மா அரசாங்கமே நன்றியா லண்டன் மியூசியத்துக்குக் குடுத்துச்சு, உடையவங்க மனசார குடுக்கிறது வேற, கஷ்டத்துல இருக்கிறவங்ககிட்ட வந்து கேட்டு வாங்கிட்டுப் போறது வேற. பர்மாவோட 2015 பழம்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டுன பொருள அனுமதி இல்லாம வெளிநாட்டுக்குக் கொண்டு போகவே கூடாது, அத அந்த ஆளு சொன்னாரா?

பெகுவாசி தம்பி, உதிர்ற பச்சை வெறும் களிம்பு இல்ல, உப்பும் ஈரமும் சேந்து வெண்கலத்த அரிக்கிற நோய், புளி எலுமிச்சை போட்டு தேச்சுறாதீங்க. அபிஷேகத்த கொஞ்ச நாள் மூலவருக்கு மட்டும் வச்சுக்கிட்டு உற்சவர காஞ்ச இடத்துக்கு மாத்துங்க. நாலு பக்கமும் போட்டோ எடுங்க, உயரம் எடை எழுதி வைங்க, திருட்டுப் போனாலும் அதுதான் சாட்சி. அந்த ஆளுக்கு நெசமாவே அக்கறைன்னா கூரைக்கு தகரம் வாங்கிக் குடுக்கட்டும்.

பெகுவாசி:
அண்ணே, அபிஷேகத்த இன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம கமிட்டி கூடுது, தகரம் விஷயத்த அவருகிட்ட நேராவே கேட்டுர்றேன்.