எண்ணெய்ப்பசைச் சருமத்துக்குப் பாசிப்பயற்று மாவு: எங்கள் அனுபவம்

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை:

உயர்தரம் படித்த நாளிலிருந்தே காலை ஒன்பது மணிக்குள் என் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியத் தொடங்கிவிடும். குளிரில் மற்றவர்களுக்குக் கன்னம் வெடித்திருக்க, என் முகம் மட்டும் மினுங்குவதை வகுப்பில் கேலி செய்யாதவர் இல்லை. அதற்காக நாளொன்றுக்கு நான்கைந்து தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். சருமத்தின் மேற்பரப்பு பிஎச் 5 அளவில் இலேசான அமிலத்தன்மை உடையது. சாதாரணச் சவர்க்காரமோ 9 முதல் 10 வரை காரத்தன்மை கொண்டது. ஆகவே தோல் இறுகியது, மூக்கோரம் உரிந்தது, மத்தியானமானால் எண்ணெயும் திரும்பி வந்தது.

சவர்க்காரத்தை விட்டுவிட்டுப் பாசிப்பயற்று மாவுக்கு மாறச் சொன்னவர் அம்மாயி. பயற்றை அடுப்போரம் உலர வைத்து மில்லில் அரைத்து, நாட்டு மருந்துக் கடையில் வெனிவெல் என்று கேட்டு வாங்கிய மரமஞ்சள் தூளைச் சிறிதளவு கலந்தோம். முதல் தடவை அவசரத்தில் சலிக்காமலே தேய்த்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத பயற்றுத் தோல் துணுக்குகள் கன்னத்தைக் கீறி, பழுத்திருந்த பருக்களையும் உடைத்து, இரண்டு நாள் எரிச்சலைத் தந்தன. அம்மாயி ஒன்றும் பேசாமல் பழைய வேட்டித் துணியொன்றைக் கிழித்து, அதில் மாவை மறுபடியும் சலித்துக் கொடுத்தார். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்க வேண்டும் என்பதே அவருடைய அளவுகோல்.

இப்போது காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி மாவை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, அழுத்தாமல் தடவி, அரை நிமிடத்தில் கழுவிவிடுகிறேன். எங்கள் பீலித் தண்ணீர் விடியற்காலையில் ஐஸாக இருப்பதால் எண்ணெய் அதில் இளகுவதில்லை. கேத்தலில் கொஞ்சம் சுடவைத்துக் கலப்பதே எனக்குச் சரியாக வந்தது. மயிரோரத்தில் மாவு தங்கினால் சின்னச் சின்னக் கட்டிகள் வருகின்றன. அங்கே கூடுதல் கவனம் தேவை. எண்ணெய் நின்றுவிட்டதா என்றால், இல்லை. அதைச் சுரப்பது தோலுக்குள் இருக்கும் சுரப்பி, அதை ஆட்டிவைப்பது பெரும்பாலும் ஹோர்மோன். மேலே தடவும் மாவு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் மூன்று வாரத்துக்குப் பிறகு, ஒன்பது மணிக்கு வந்த மினுமினுப்பு மதிய இடைவேளைக்குப் பின்னரே தலைகாட்டுகிறது. மூக்கோரம் உரிவதும் இல்லை. மரமஞ்சள் துவாயில் மஞ்சள் கறை விடுவதைப் பற்றி வீட்டில் முணுமுணுப்பு உண்டு.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி:

நானும் இதே மாவைத்தான் பாவித்தேன். ஆனால் எண்ணெயை வெட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் தேசிக்காய்ச் சாறு பிழிந்தேன். முகத்தைச் சரியாகக் கழுவாமல் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன மறுநாள் நெற்றியிலும் கன்னத்திலும் எரிச்சலுடன் சிவந்து, பின்னர் அதே இடங்கள் தவிட்டு நிறத்தில் கறுத்துவிட்டன. தேசிக்காயில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் என்று டிஸ்பென்சரியில் விளக்கினார்கள். ஆயிரம் மீற்றர் உயரத்துக்குப் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது; குளிராக இருப்பதால் அந்த வெயில் நமக்கு உறைப்பதில்லை. கறுப்பு மறைய மாதக்கணக்கானது. மாவை இன்னும் விடவில்லை, தேசிக்காயைத் தேநீருக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

நுவரெலியாவிலிருந்து இன்னொருவர்:

மூடுபனிக் காலத்தில் எங்கள் வீட்டில் அரைக் கிலோ மாவும் கட்டிபிடித்து, பூஞ்சண வாடை வந்து, கொட்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து பத்து நாளுக்குப் போதுமானதை மட்டும் அரைத்து, ஈரக் கரண்டி படாமல் சிறு போத்தலில் இறுக மூடி, அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்கிறோம். குழைத்ததில் மிஞ்சியதை மறுநாளுக்கு எடுத்து வைக்க வேண்டாம், இரவுக்குள்ளேயே புளித்துவிடும்.