கடினமான ஆக்‌ஷன் ஆர்பிஜிகள்: சவால் எது, வெறும் தண்டனை எது?

நிழல்வாள் (கேள்வி)

ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் 'டீமன்ஸ் சோல்ஸ்' 2009இல் வெளிவந்தது முதல் இவ்வகை கேம்களை (பாத்திரத்தை வளர்த்துக்கொண்டே நேரடியாகச் சண்டையிடும் ஆக்‌ஷன் ஆர்பிஜிகளை) விடாமல் விளையாடி வருகிறேன். 'டார்க் சோல்ஸ்', 'பிளட்போர்ன்', 'செகிரோ', 'எல்டன் ரிங்' ஆகியவற்றோடு, அவற்றைப் பின்பற்றிப் பிற ஸ்டுடியோக்கள் உருவாக்கிய பலவற்றையும் முடித்திருக்கிறேன். அண்மைக்காலமாக ஓர் ஐயம் வலுத்துக்கொண்டே வருகிறது.

தொடக்க கால கேம்களில் கடினம் என்பது வழி நெடுகிலும் பரவியிருந்தது. இருட்டான படிக்கட்டு, குறுகலான பாலம், தீர்ந்துகொண்டே வரும் எஸ்டஸ் குடுவை (உயிரை நிரப்பும் மருந்து), ஓய்வெடுத்து மீண்டும் தொடங்க உதவும் அடுத்த நெருப்பிடம் எங்கே என்று தெரியாத அச்சம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் நம்மைச் சோதித்தன. இப்போது வரும் பலவற்றில் வழி வெறும் அலங்காரமாகிவிட, முழுக் கடினமும் பாஸ் (ஒரு பகுதியின் முடிவில் நிற்கும் வலிய தலைமை எதிரி) சண்டைக்குள் குவிக்கப்படுகிறது. அந்த பாஸும் ஓங்கிய ஆயுதத்தை அந்தரத்தில் நிறுத்தி, நாம் உருண்டு விலகும் வரை காத்திருந்து, பிறகு அடிக்கிறது. இது இவ்வகையின் வளர்ச்சியா, சுருக்கமா? கடினம் என்றாலே விற்கும் என்று தொழில்துறை முடிவு செய்துவிட்டதா? நீண்ட நாள் விளையாடியவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கடைசிப்படி

உங்கள் கவனிப்பு சரியானது. ஆனால் தாமதித்து அடிக்கும் பாஸ்கள் மீது மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சண்டை நியாயமானதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: செத்த அடுத்த நொடியில், எதனால் செத்தேன் என்று என்னால் சொல்ல முடிய வேண்டும்.

'டார்க் சோல்ஸ்' தொடக்கத்தில் வரும் அசைலம் டீமனை நினைத்துப் பாருங்கள். உடைந்த வாளோடு நிற்கும் நம் முன்னே அது குதிக்கிறது. தரையில் உள்ள செய்தி விலகி ஓடச் சொல்கிறது. சற்றே சுற்றிப் பார்த்தால் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்திருப்பது தெரிகிறது. ஓடித் தப்பி, உரிய ஆயுதங்களோடு மேலிருந்து பாய்ந்து அதன் தலையில் குத்தும்போது, எதிரியைப் பார், இடத்தைப் பார், பிறகு அடி என்ற இவ்வகையின் இலக்கணம் முழுவதையும் ஒரு வரி விளக்கவுரை கூட இல்லாமல் கற்றுக்கொண்டுவிடுகிறோம். 'செகிரோ' இதே பாடத்தை வேறு விதமாக நடத்துகிறது. தடுக்க முடியாத தாக்குதல் வரும்போது சிவப்பு எழுத்து ஒன்று தோன்றும். ஆனால் வருவது குத்தா, கால்வாரலா, பிடியா என்பதை எதிரியின் தோளையும் ஆயுதத்தையும் பார்த்து நாமேதான் முடிவு செய்ய வேண்டும். ஆபத்து வருகிறது என்பதை மட்டும் சொல்லி, என்ன ஆபத்து என்பதை நம் கண்ணுக்கு விட்டுவிட்ட அந்த அமைப்பை இன்று வரை எந்த ஸ்டுடியோவும் மிஞ்சவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

'எல்டன் ரிங்' தொடக்கத்தில் வரும் பாஸான மார்கிட் தடியை ஓங்கியபடி காத்திருப்பதும் இந்த அளவுகோலுக்குள் அடங்கிவிடுகிறது. பதற்றத்தில் உருளும் பழக்கத்தை அது உடைக்கிறது. முடியவில்லை என்றால் வேறு திசையில் போய் வலுப்பெற்று வருவதற்குத் திறந்த உலகம் இடம் தருகிறது. 2024இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' விரிவாக்கத்தின் இறுதி பாஸான ராடானின் முதல் வடிவத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாம் கட்டத்தில் கொட்டிய ஒளி வெள்ளத்தில் அவன் கைகள் எங்கே இருக்கின்றன என்பதே தெரியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 1.14 பேட்ச் (திருத்தப் பதிப்பு), தாக்குதல்கள் சிலவற்றைத் திருத்தியதோடு, கண்ணை மறைத்த அந்த ஒளி விளைவுகளையும் தெளிவாகத் தெரியும்படி மாற்றியது. படிக்க முடியாத சண்டையை வேகமாக்கினாலும் மெதுவாக்கினாலும் அது சவாலாகாது. அந்தத் திருத்தத்தை எதிர்த்து, பழைய வடிவமே வேண்டும் என்று வாதிட்டவர்கள் இந்த வேறுபாட்டைக் காணத் தவறிவிட்டார்கள்.

இரவுவிழி

தொழில்துறை பற்றிய கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் எனக்கு வருத்தமும் கோபமும் அங்கேதான் இருக்கின்றன.

'டீமன்ஸ் சோல்ஸ்' உருவாக்கத்துக்குப் பணம் போட்ட சோனி, அதை ஆசியாவுக்கு வெளியே வெளியிடவில்லை. வட அமெரிக்காவில் அட்லஸும், ஐரோப்பாவில் நாம்கோ பண்டாயும்தான் வெளியிட்டன. வாய்மொழியாகப் பரவியே அது பெயர் பெற்றது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 அறிமுகமானபோது, அதே கேமின் மறுஆக்கத்தைத்தான் சோனி முதல் நாள் வெளியீடாக முன்னிறுத்தியது. ஆட்டக்காரர்கள் கடினத்தை வெறுப்பார்கள் என்ற கணிப்பு எந்த அளவுக்குத் தவறாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த வெற்றியிலிருந்து பெரும்பாலானோர் கற்றது மேலோட்டமானது. செத்தால் சேர்த்ததை இழப்பது, ஓய்வெடுத்தால் எதிரிகள் மீண்டும் எழுவது, அடிக்கவும் உருளவும் செலவாகும் ஸ்டேமினா பட்டை, சிதைந்த கோட்டை, புதிர் போலப் பேசும் வணிகர் என்ற வெளித்தோற்றத்தை எடுத்துக்கொண்டார்கள். வாளை வீசிவிட்டால் திரும்பப் பெற முடியாது என்ற கனமான அசைவும், ஒவ்வோர் எதிரியையும் ஏன் அந்த இடத்தில் நிறுத்தினோம் என்ற யோசனையும் நகலெடுக்க எளிதானவை அல்ல. அவற்றுக்கு ஒரே குழு பல ஆண்டுகள் சேர்ந்து உழைக்க வேண்டும். ஒரு கேம் முடிந்ததும் பாதிப் பேரை வேலையை விட்டு அனுப்பிவிடும் நிறுவனத்தால் அத்தகைய கைப்பழக்கத்தை அடுத்த கேமுக்குக் கொண்டுபோக முடியாது. கொரியாவின் 'லைஸ் ஆஃப் பி' 2023இல் தனித்து நின்றதற்கு, கைப்பிடியையும் வாளின் அலகையும் பிரித்து மாற்றிப் பொருத்தும் அமைப்பு போன்று தனக்கென ஒரு யோசனை அதனிடம் இருந்ததே காரணம் என்று கருதுகிறேன்.

பணம் பறிக்கும் வழக்கம் இவ்வகைக்குள்ளும் நுழைவதைக் கண்டிக்க வேண்டும். 2024இல் வெளிவந்த 'டிராகன்ஸ் டாக்மா 2', விளையாடியே பெறக்கூடிய சில பொருட்களைத் தனிப் பணத்துக்கும் விற்றது. அரிதாக இருப்பதும் சிரமமும்தான் ஒரு பொருளுக்கு மதிப்பைத் தருகின்றன என்று நம்பச் சொல்லும் கேம், அதே பொருளைக் கடையிலும் வைத்தால் தன் உலகத்தைத் தானே பொய்யாக்குகிறது. தொழில்நுட்பக் குறைகளும் இதே தட்டில்தான் வருகின்றன. உருளும்போது அடிபடாத நேரம் சில ஃபிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்கள்) மட்டுமே என்னும் கேமில், படம் ஒரு கணம் திணறினாலும் உயிர் போய்விடும். 'எல்டன் ரிங்' கூட வெளியான நாட்களில் கணினியில் இப்படித் திணறியது. நாம் பெரிதும் நேசிக்கும் ஸ்டுடியோ என்பதால் அதை மன்னித்துக் கடந்துவிடக் கூடாது.

தீச்சுடர்

எல்லோரும் தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். 'லைஸ் ஆஃப் பி' 2025இல் விரிவாக்கத்தோடு எளிய நிலைகளையும் சேர்த்தது. பழைய கடினநிலை அப்படியே இருக்கிறது. அதில் விளையாடுபவருக்கு எந்த இழப்பும் இல்லை. கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்கள், கடைசிப்படி குறிப்பிட்ட அளவுகோலின்படி எதனால் செத்தோம் என்பதைத் தெளிவாக அறிந்திருந்தும், விரல் அந்த வேகத்துக்கு ஒத்துழைக்காததால் தோற்கிறார்கள். அவர்களுக்கான கதவைத் திறந்து வைப்பதில் என்ன குறை? குறைந்தபட்சம், தனியாக விளையாடும்போது நிறுத்திவைக்க நேரடியான ஒரு பொத்தானாவது வேண்டும். 'செகிரோ'வில் இருந்த அந்த வசதியை 'எல்டன் ரிங்'கில் எடுத்துவிட்டதற்கு வடிவமைப்பு சார்ந்த நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

நிழல்வாள்

மூவருக்கும் நன்றி. நிறுத்தும் பொத்தான் பற்றி தீச்சுடர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பட்டியலிட்டுத் தேர்ந்தெடுக்கும் எளிய நிலைகளை மட்டும் இன்னும் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. 'எல்டன் ரிங்' ஆவித் துணைகளையும், உதவிக்கு அழைக்கும் மற்ற ஆட்டக்காரர்களையும், குதிரையேறி வேறு பக்கம் போகும் உரிமையையும் உலகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது; அங்கே கடினத்தைக் குறைப்பதும் நாம் எடுக்கும் ஓர் ஆட்ட முடிவாகிறது. அந்த வழி உடற்குறை உள்ள எல்லோருக்கும் போதாது என்பதையும் மறுக்கவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'எல்டன் ரிங்' பல பாஸ்களின் வாசலருகிலேயே மீண்டும் எழும் இடங்களான மரிக்காவின் கற்களை நட்டு, செத்தபின் மீண்டும் ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்தது. பெரும்பாலோர் அதைக் கொண்டாடினார்கள். 'டார்க் சோல்ஸ்' தேவாலயத்திலிருந்து இறங்கும் லிஃப்ட், தொடக்க மையமான ஃபயர்லிங்க் கோயிலில் போய் நின்றபோது கிடைத்த நிம்மதி, அதற்கு முன் அந்தத் தூரத்தை நடந்தே கடந்திருந்ததால் வந்தது. தூரத்தை நீக்கினால் குறுக்குவழிக்கும் பொருள் இல்லாமல் போகிறது. இடத்தின் கடினம் சுருங்கி பாஸின் கடினம் பெருத்ததற்கு இந்த மாற்றமே முதற்காரணம் என்று நினைக்கிறேன். கடைசிப்படி, இரவுவிழி இருவரும் இதில் என்ன நினைக்கிறீர்கள்?