மர்ஃபி ஏ104: முன்பலகை ஏன் இவ்ளோ அகலம்?

கேள்வி:
லண்டன்ல ஒரு பழைய சாமான் கடையில மர்ஃபி ஏ104 வால்வு ரேடியோ பார்த்தேங்க, 1946 மாடல். முன்னாடி அகலமான மரப்பலகை, பக்கவாட்டுல பார்த்தா பின்னாடி சின்னதா ஒரு பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்ளோதான். ஏன் இப்படி? வாங்கலாமா?

பதில் 1:
அது வெறும் அழகுக்கு இல்ல ப்ரோ. ஸ்பீக்கர் கோனுக்கு (அதிர்ந்து சத்தம் எழுப்புற கூம்பு) முன்னாடி வர்ற சத்தமும் பின்னாடி வர்றதும் நேரெதிர், ரெண்டும் ஓரத்தை சுத்தி வந்து கலந்துட்டா பாஸ் (கனமான கீழ்ச்சத்தம்) அடிபட்டுடும், பலகை அகலமா இருந்தா சுத்துற தூரம் கூடும் அதனால பாஸ் நிக்கும், ஆழமான பெட்டியில வர்ற அந்த பூம் பூம் சத்தமும் குறையும். செம ஐடியா! நம்ம ஊர்ல குழந்தை படம் போட்டு வித்தாங்களே, அதே மர்ஃபி பேருதான்.

பதில் 2:
வாங்குங்க, ஆனா கடைக்காரர் சொன்னாலும் உடனே ப்ளக்ல சொருகிடாதீங்க. அவுட்புட் வால்வோட (ஸ்பீக்கரை ஓட்டுற கண்ணாடிக் குழாய்) கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் உள்ள போற முனைக்குப் போற மெழுகுத்தாள் கெபாசிட்டர் இந்த வயசுல கண்டிப்பா கரண்ட் லீக் ஆகும், வால்வு சூடேறி போயிடும், முதல்ல அதை மாத்துங்க. பலகை ஓரத்துல வெனீர் (மேல ஒட்டின மெல்லிய மரத்தகடு) உரிஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, சனிக்கிழமை போய் பின்மூடியைக் கழட்டி போட்டோ போடுறேன்.